வெல்ட் கீ பழைய குடோனுங்கள இடிச்சுருவாங்களா?

மூட்டைக்காரர் பேரன்:
வணக்கம் எல்லாருக்கும். என் தாத்தா பினாங்குல, ஜார்ஜ் டவுன் கடலோரத்து வெல்ட் கீல மூட்டை தூக்குனவரு, தொங்காங்னு சொல்ற சரக்குப் படகுலேருந்து சரக்க எறக்கி குடோனுக்கு சொமந்துட்டுப் போவாரு. போன வாரம் ஃபெரிலேருந்து எறங்கி அந்தப் பக்கம் நடந்தேன், ஒரு குடோன்ல பாதி கூரையே இல்ல, செவுத்துல அரசமரம் மொளச்சு வேரு செங்கல்ல பொளந்துகிட்டு நிக்குது, பாத்ததும் மனசே சரியில்ல. யுனெஸ்கோ எடம்னு சொல்றாங்களே, அப்புறம் ஏன் இப்படி? ஓனர் இடிச்சுட்டு ஹோட்டல் கட்டிருவாரா?

தீவுக்காரன்:
இடிக்கறது லேசு இல்ல தம்பி. 2008 ஜூலைல மலாக்காவோட சேத்து நம்ம ஜார்ஜ் டவுனையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல போட்டாங்க, கோர் ஸோன்னு சொல்ற நடுப்பகுதி மட்டும் 109 ஹெக்டர் சொச்சம், அந்த குடோனுங்க நெறைய அதுக்குள்ளதான் வருது. ஆனா இடிக்காதன்னு சொல்ற சட்டத்தால, பூட்டிப்போட்டு மழைல ஊற விடறவர ஒண்ணும் பெருசா பண்ண முடியல லா. 1969ல ஃப்ரீ போர்ட்ங்கற வரியில்லாத துறைமுக அந்தஸ்து போச்சு, அப்புறம் கண்டெய்னர் வந்து கப்பலெல்லாம் எதிர்க்கரை பட்டர்வொர்த் பக்கம் போயிருச்சு, சரக்கே வராத குடோன வச்சு ஓனர் என்ன பண்ணுவாரு? யாராச்சும் உள்ள பொழங்குனாதான் கூரை நிக்கும்.

கொத்து வேலை:
அண்ணன் சொல்றது சரி. நான் பழைய கடைவீட்டு ரிப்பேர் வேலை பாக்கறேன். பூட்டி வைக்கறதவிட மோசம் என்னன்னா சிமெண்ட் பூசறது. வெல்ட் கீ கடல தூத்து எடுத்த மண்ணு, ஈரம் உப்போட கீழேருந்து ஏறிக்கிட்டே இருக்கும், பழைய சுண்ணாம்புச் சாந்து அந்த ஈரத்த வெளிய விடும், மேல சிமெண்ட பூசிட்டா ஈரம் உள்ளயே மாட்டிக்கிட்டு இன்னும் மேல ஏறும், உப்பு கட்டி செங்கல் மாவா உதுரும். பாக்க பளபளன்னு இருக்கும், உள்ள செத்துக்கிட்டு இருக்கும். அந்த அரச மரத்தையும் யாரும் புடுங்கிறாதீங்க, வேரோட செவுரும் வந்துரும், வெட்டிட்டு வேர பட்டுப்போக வைக்கணும்.

பினாங் ஸ்ட்ரீட் அக்கா:
குடோன்ங்கற சொல்லே நம்ம கிடங்குலேருந்து போனதுன்னு சொல்றவங்க உண்டு. செட்டியாருங்க தங்கி, பெட்டியடின்னு கணக்குப் பெட்டி வச்சு ஒக்காந்து வட்டிக்கு விட்ட எடத்துக்குப் பேரே கிட்டங்கிதான், இன்னிக்கும் தைப்பூச வெள்ளி ரதம் பினாங் ஸ்ட்ரீட்ல இருக்கற செட்டியாருங்களோட கோயில் வீட்லேருந்துதான் கெளம்புது. செட்டியார் கதையாச்சும் நாலு பேருக்குத் தெரியும் தம்பி, மூட்டை தூக்குனவங்க கதைய யாரு எழுதி வச்சா? உங்க வீட்ல ஏதாச்சும் இருக்கா?

மூட்டைக்காரர் பேரன்:
இருக்கு அக்கா. தாத்தா சாக்கு மூட்டை இழுத்த இரும்புக் கொக்கி, கைப்புடி தேஞ்சு போயிருக்கு. எந்த குடோன்ல வேல பாத்தாருன்னுதான் அப்பாவுக்கே தெரியல. உங்க வீட்டுல யாராச்சும் அங்க வேல பாத்திருந்தா சொல்லுங்க, ஞாயித்துக்கிழம அப்பாவ கூட்டிட்டு வந்து ஒவ்வொரு கதவா பாக்கப்போறேன்.