இரண்டு வயதுக் குழந்தைக்குப் பீனோபார்பிட்டோன் சிரப்: பகல் தூக்கம், மாலை எரிச்சல், அளவைக் குறைக்கலாமா?

கேள்வி: குழந்தையின் தாய், திருச்சி

எங்கள் மகனுக்கு இரண்டு வயது முடிந்திருக்கிறது. எடை 11 கிலோ. காய்ச்சல் எதுவும் இல்லாமலே இரண்டு முறை ஃபிட்ஸ் வந்ததால், மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி எடுத்துப் பார்த்துவிட்டு, குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் பீனோபார்பிட்டோன் சிரப் எழுதிக் கொடுத்திருக்கிறார். பாட்டிலில் 5 மில்லிக்கு 20 மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கிறது. தினமும் இரவு 10 மில்லி கொடுக்க வேண்டும் என்றார். தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. அதன் பிறகு ஃபிட்ஸ் வரவில்லை.

ஆனால் விடியற்காலையிலேயே எழுந்துவிடும் பிள்ளை இப்போது ஒன்பது மணி வரை தூங்குகிறான். சோறு ஊட்டும்போதே கண் சொக்குகிறது. மாலையானால் அதற்கு நேர்மாறாக, ஓரிடத்தில் உட்காராமல் ஓடுவதும், சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்தி அழுவதும், கடிப்பதுமாக இருக்கிறான். இது தூக்க மருந்து, பிள்ளையின் மூளையை மந்தமாக்கிவிடும், பாதியாகக் குறைத்துக் கொடு என்று மாமியார் சொல்கிறார். அவருடைய கவலை எனக்கும் இருக்கிறது. நானாக எதையும் மாற்றவில்லை. அடுத்த பரிசோதனைக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன. அதுவரை அளவைக் குறைத்துக் கொடுப்பது சரியா? எந்த அளவுக்குத் தூக்கம் இருந்தால் பயப்பட வேண்டும்? இதே மருந்தைக் கொடுத்த பெற்றோர், எடுத்துக்கொண்டவர்கள், மருத்துவத் துறையில் இருப்பவர்கள் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: குழந்தை நல மருத்துவர், மதுரை

அம்மா, நீங்களாக அளவை மாற்றாமல் இருப்பது மிகச் சரி. குறைக்க வேண்டாம். அதே சமயம் மூன்று வாரம் காத்திருக்கவும் வேண்டாம். இந்த வாரத்திலேயே உங்கள் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, பகல் தூக்கத்தையும் மாலை நேர மாற்றத்தையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். தனித்தனியாக என்று நான் சொல்வதற்குக் காரணம், இந்த இரண்டும் ஒரே மருந்தால் வந்தாலும் போகும் விதம் வேறு.

பீனோபார்பிட்டோன் மிக மெதுவான மருந்து. உடலுக்குள் சேர்ந்த அளவில் பாதி வெளியேறுவதற்கே சில நாட்கள் ஆகும். குழந்தைக்குக் குழந்தை இது கூடும், குறையும். அதனால் தினமும் ஒரே அளவு கொடுத்தாலும், இரத்தத்தில் அதன் அளவு ஏறி ஏறி ஒரு நிலைக்கு வந்து நிற்க இரண்டு முதல் மூன்று வாரங்கள் பிடிக்கும். மெல்ல நிரம்பி மெல்ல வடியும் ஏரியைப் போன்றது அது. உங்கள் மகன் இப்போது நிரம்பிக்கொண்டிருக்கும் கட்டத்தில் இருக்கிறான். மூளை, இந்த மருந்துக்குப் பழகும்போது பகல் தூக்கம் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். நீங்கள் இன்று பாதியாகக் குறைத்தால், அதன் விளைவு நாளைக்கே தெரியாது. ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து, குறைத்ததையே எல்லோரும் மறந்திருக்கும் நேரத்தில் ஃபிட்ஸாகத் திரும்பக்கூடும். திடீரென முழுவதுமாக நிறுத்துவது இன்னும் ஆபத்தானது: ஒன்றன்பின் ஒன்றாக, நினைவு திரும்பாமலே தொடரும் வலிப்புக்கு அது ஒரு முக்கியமான காரணம். ஃபிட்ஸ் இல்லாமல் இரண்டு ஆண்டுகள் அளவுக்குக் கடந்த பிறகு மருந்தை விடலாம் என்று மருத்துவர் முடிவெடுத்தால்கூட, மாதக்கணக்கில் சிறிது சிறிதாகத்தான் குறைப்பார்.

அளவைப் பொறுத்தவரை, குழந்தைகளுக்கு வழக்கமாக ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 3 முதல் 5 மில்லிகிராம். உங்கள் மகனுக்கு 10 மில்லி என்பது 40 மில்லிகிராம். 11 கிலோவுக்கு அது இந்த வரம்பின் கீழ்ப்பகுதியில்தான் வருகிறது. எனவே அதிகமாக எழுதிவிட்டார்களோ என்ற சந்தேகம் தேவையில்லை. தூக்கம் குறையவில்லை என்றால் இரத்தத்தில் மருந்தின் அளவைப் பரிசோதிக்கலாம். பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்கு 15 முதல் 40 மைக்ரோகிராம் வரை ஏற்கத்தக்க அளவாகக் கொள்வார்கள்.

மாலை நேரத்து ஓட்டமும் எரிச்சலும் வேறு கதை. பெரியவர்களைத் தூங்கச் செய்யும் இந்த மருந்து, சின்னக் குழந்தைகளில் கணிசமானவர்களை நேர்மாறாகப் பரபரப்பாக்கிவிடும். இது தூக்கத்தைப் போல நாளடைவில் தானாகப் போய்விடும் என்று உறுதி சொல்ல முடியாது. மருந்தைப் பிரித்துக் கொடுப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்று உங்கள் மருத்துவர் யோசிக்க வேண்டிய காரணம் இதுதான். வளர்ப்புச் சரியில்லை, அடம் பிடிக்கிறான் என்று வீட்டில் யாரும் குழந்தையைத் தண்டித்துவிடக் கூடாது.

உங்கள் மாமியாரின் அச்சத்தை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். காய்ச்சலின்போது வரும் வலிப்பைத் தடுப்பதற்காக இம்மருந்தையோ, மருந்துப் பொருள் இல்லாத வெற்று மருந்தையோ தினமும் கொடுத்த 217 குழந்தைகளைப் பற்றிய அமெரிக்க ஆய்வு ஒன்று 1990இல் வெளியானது. வெற்று மருந்து பெற்றவர்களைவிட, பீனோபார்பிட்டோன் பெற்ற பிரிவினரின் ஐக்யூ (நுண்ணறிவு அளவு), இரண்டு ஆண்டு முடிவில் சராசரியாக 8 புள்ளிகளுக்கு மேல் குறைவாக இருந்தது. வலிப்பும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. வெறும் காய்ச்சல் வலிப்புக்கு இதைத் தினசரி கொடுக்கும் பழக்கம் பெரும்பாலும் கைவிடப்பட்டதற்கு இத்தகைய ஆய்வுகள் காரணம். ஆனால் உங்கள் மகனுக்கு வந்தது காய்ச்சல் வலிப்பு அல்லவே. கட்டுப்படாத வலிப்பும் வளரும் மூளைக்குத் தீங்கு செய்யும், சில நேரம் உயிரையே பறிக்கும். 1912இல் ஜெர்மனியில் ஆல்பிரட் ஹாப்ட்மன் என்ற இளம் மருத்துவர், தூக்கத்துக்காகக் கொடுத்த இந்த மருந்து நோயாளிகளின் வலிப்பைக் குறைப்பதைக் கவனித்தார்; ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் அது உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருக்கிறது. ஆகவே நீங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, இந்த மருந்து இவனுக்கு எவ்வளவு காலம், இவனுடைய வலிப்பு வகைக்கு மாற்று உண்டா என்பதுதான். அதை மாமியாரையும் உடன் அழைத்துச் சென்று கேளுங்கள்.

எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றால்: உலுக்கி எழுப்பியும் சரியாக விழிக்காமல் போவது, மூச்சு மெதுவாகவோ விட்டு விட்டோ வருவது, உதடு நீலமாவது, நடை தள்ளாடுவது, பாலோ உணவோ விழுங்க முடியாத அளவுக்குச் சோர்வது. எழுப்பினால் எழுந்து, உங்களைப் பார்த்துச் சிரித்து, சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினால் அது அவசர நிலை அல்ல. இன்னொன்று தோல். முதல் இரண்டு மாதங்களில் உடம்பில் தடிப்பு தோன்றினால், அதிலும் காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, தோல் உரிதல் சேர்ந்து வந்தால், அடுத்த வேளை மருந்தைக் கொடுக்கும் முன் அன்றே குழந்தையை நேரில் காட்டுங்கள். ஃபெனிட்டோயின் அல்லது கார்பமாசெபின் என்ற வலிப்பு மருந்தால் அவனுக்கோ நெருங்கிய இரத்த உறவினருக்கோ இப்படி ஒவ்வாமை வந்திருந்தால், அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பதில் 2: மருந்தாளுநர், கோயம்புத்தூர்

டாக்டர் சொன்னதோடு கடைப்பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். 10 மில்லியை வீட்டு ஸ்பூனால் அளக்காதீர்கள். ஒரு வீட்டின் ஸ்பூன் 3 மில்லி பிடிக்கும், இன்னொரு வீட்டுடையது 7 மில்லி பிடிக்கும். ஊசி இல்லாத வாய்வழி சிரிஞ்சைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை புதுப் பாட்டில் வாங்கும்போதும், பெயரை மட்டும் பார்க்காமல், 5 மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்ற வரியைப் படியுங்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வாங்கி வந்தால் இது இன்னும் முக்கியம்: பிரிட்டனில் 5 மில்லிக்கு 15 மில்லிகிராம் உள்ள எலிக்சிர் என்ற திரவ மருந்து உண்டு, அதில் அதே 10 மில்லி கொடுத்தால் 30 மில்லிகிராம்தான் போகும், அத்துடன் அந்த வகையில் ஆல்கஹாலும் கணிசமாகக் கலந்திருக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுக்கும்போது மில்லியுடன் மில்லிகிராமையும் எழுதித் தரச் சொல்வது நல்லது. சிரப் கிடைக்காமல் 30 அல்லது 60 மில்லிகிராம் மாத்திரைக்கு மாற வேண்டி வந்தால், நீங்களாக உடைத்துக் கணக்குப் போடாமல் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

சளி, இருமல் மருந்துகள்தான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கின்றன. குளோர்பெனிரமின் போன்ற, தூக்கம் வரவழைக்கும் பொருள் கலந்த சிரப்பைத் தானாக வாங்கிக் கொடுத்தால் இரண்டு மயக்கமும் ஒன்று சேரும். மூக்கொழுகலுக்கு என்று கடையில் கேட்டாலும், குழந்தை பீனோபார்பிட்டோன் எடுக்கிறான் என்பதை முதலில் சொல்லுங்கள். பின்னாளில் வால்புரோவேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்து சேர்க்கப்பட்டால் அது பீனோபார்பிட்டோனின் அளவை இரத்தத்தில் உயர்த்தும். அப்போது திடீரெனத் தூக்கம் கூடினால் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பாட்டில் தீரும் வரை காத்திராமல், ஒரு வாரத்துக்கான மருந்து மீதமிருக்கும்போதே அடுத்ததை வாங்குங்கள். இது எல்லாக் கடையிலும் எப்போதும் இருக்கும் மருந்து அல்ல. இனிப்பான சிரப் என்பதால் பூட்டிய அலமாரியில் வையுங்கள்.

பதில் 3: சிறு வயது முதல் இம்மருந்தை எடுத்துக்கொள்பவர், தஞ்சாவூர்

சகோதரி, எனக்கு இப்போது முப்பது வயதைக் கடந்துவிட்டது. பள்ளிக் காலம் முதல் இதே மருந்தை, மாத்திரையாக, இரவில் எடுத்து வருகிறேன். பட்டப்படிப்பு முடித்து வேலையிலும் இருக்கிறேன். என் ஒருத்தியின் அனுபவத்தைக் கொண்டு உங்கள் மகனுக்கு எதுவும் ஆகாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் இந்த மருந்து எடுத்தாலே வாழ்க்கை முடிந்தது என்று அக்கம்பக்கத்தார் பேசுவதைக் கேட்டு நீங்கள் கலங்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

பெண் குழந்தைகளின் பெற்றோர் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு செய்தி. பீனோபார்பிட்டோன் கல்லீரலை வேகமாக வேலை செய்ய வைப்பதால், கருத்தடை மாத்திரைகள் பலன் தராமல் போகலாம். இதை என் திருமணத்தின்போது மருத்துவர் சொன்ன பிறகே அறிந்தேன். கருவில் உள்ள குழந்தைக்கு உறுப்புக் குறைபாடு வரும் வாய்ப்பையும் இது கூட்டுகிறது. அதனால் கருத்தரிப்பதற்கு முன்பே நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, மருந்தை மாற்றுவது, ஃபோலிக் அமிலம் தொடங்குவது பற்றி முடிவு செய்ய வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து மாத்திரையை நிறுத்துவது தாய், சேய் இருவரின் உயிருக்கும் ஆபத்து. நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு எலும்பு பலவீனமாகும் என்பதால் வைட்டமின் டி அளவையும் அவ்வப்போது பார்க்கச் சொல்கிறார்கள்.

மீண்டும் கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மருத்துவரிடம் பேசிவிட்டேன், அளவை மாற்றாமல் தொடரச் சொல்லி, நேரில் பார்க்கும் தேதியை அடுத்த வாரத்துக்கு முன்தள்ளியிருக்கிறார். மாமியாரும் வருகிறார். பேசும்போது கேட்க விட்டுப்போன ஐயம் ஒன்று: ஓர் இரவு மருந்து கொடுக்க விட்டுப்போனாலோ, குடித்ததும் வாந்தி எடுத்தாலோ என்ன செய்வது? ஃபிட்ஸ் வந்தால் மூக்கில் அடிக்க ஒரு மிடசோலம் ஸ்பிரேயும் கொடுத்திருக்கிறார்; இரண்டும் தூக்க மருந்து என்பதால் அதைப் பயன்படுத்தத் தயக்கமாக இருக்கிறது.

பதில் 4: குழந்தை நல மருத்துவர், மதுரை

ஒரு வேளை விட்டுப்போனால், நினைவு வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளைக்கான நேரம் நெருங்கிவிட்டிருந்தால் அதை மட்டும் கொடுங்கள். எக்காரணத்தாலும் இரண்டு வேளை அளவைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். மெதுவாக வெளியேறும் மருந்து என்பதால் ஒரு நாள் தவறியதற்காக அளவு சட்டென்று விழுந்துவிடாது. குடித்த சில நிமிடங்களிலேயே, சிரப்பின் நிறம் தெரியும்படி வாந்தி எடுத்தால் மீண்டும் கொடுக்க வேண்டியிருக்கலாம். அரை மணி நேரம் கடந்திருந்தால் பொதுவாக வேண்டாம். உங்கள் குழந்தைக்கு எது பொருந்தும் என்பதை அடுத்த வாரம் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் வீட்டில் வைத்துச் சமாளிக்காமல் அழைத்துச் செல்லுங்கள்.

ஸ்பிரேயைப் பற்றித் தயங்க வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் மூச்சைத் தணிக்கக்கூடும் என்பது உண்மை. ஆனால் நிற்காமல் தொடரும் வலிப்பு அதைவிடப் பெரிய ஆபத்து. ஃபிட்ஸ் வந்ததும் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். குழந்தையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். கையில் சாவியோ இரும்போ திணிக்க வேண்டாம், வாயில் கரண்டி, விரல், தண்ணீர் எதுவும் வேண்டாம். மருத்துவர் குறித்துக் கொடுத்த நிமிடத்தில், குறித்துக் கொடுத்த எண்ணிக்கையில் மட்டும் ஸ்பிரே அடியுங்கள். பெரும்பாலும் 5 நிமிடம் என்று எழுதியிருப்பார்கள். அதன் பிறகும் நிற்காவிட்டாலோ, மூச்சு சீராக இல்லாவிட்டாலோ 108ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸில் வருபவர்களிடம், தினமும் 40 மில்லிகிராம் பீனோபார்பிட்டோன் எடுக்கிறான், இத்தனை மணிக்கு இத்தனை ஸ்பிரே அடித்தோம் என்று இரண்டையும் சொல்லுங்கள். மேற்கொண்டு ஊசி போடுபவருக்கு அந்தத் தகவல் கட்டாயம் தேவை.