சதிக்கோட்பாடுகளை நம்புவோர் யார்?

கேள்வி:
சமூகத்தில் தாழ்ந்த நிலையில் இருப்பவர்களே சதிக்கோட்பாடுகளை (நிகழ்வுகளுக்குப் பின்னால் சிலரின் இரகசியச் சதி இருக்கிறது என்ற கருத்துகளை) அதிகம் நம்புகிறார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால், வசதியும் செல்வாக்கும் உள்ளவர்களும் அவற்றைப் பரப்புவதைக் காண்கிறோமே, அது ஏன்?

பதில்:
கல்வி கூடக்கூட இந்நம்பிக்கை குறைவதை நெதர்லாந்து உளவியலாளர் யான்-வில்லெம் வான் ப்ரோயென் 2017இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பகுத்தாயும் பழக்கம் மட்டுமன்றி, தம் வாழ்க்கை தம் கையில் இல்லை என்ற உணர்வு படித்தவர்களிடம் குறைவாக இருப்பதும் இதற்குக் காரணம் என்கிறார் அவர்.

மறுமொழி:
எளியவர்களின் சந்தேகத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயுற்ற கறுப்பின ஆண்களிடம் உண்மையைச் சொல்லாமலும், அதைக் குணப்படுத்தும் பென்சிலின் பயன்பாட்டுக்கு வந்த பின்னரும் அம்மருந்தை அளிக்காமலும், 1932 முதல் 1972 வரை அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் அவர்களை வெறுமனே கவனித்துவந்தது. அதை அறிந்த சமூகம் மருத்துவத் துறையை எளிதில் நம்புமா?

மறுமொழி:
செல்வாக்குள்ளவர்களைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. இருக்கும் நிலையைவிட, அது பறிபோகிறது என்ற அச்சமே அவர்களைச் சதிக்கோட்பாடுகளின் பக்கம் தள்ளுகிறது என்பது என் கருத்து. அமெரிக்காவில் அதிகாரத்தை இழந்த தரப்பினரே சதிக்கோட்பாடுகளை அதிகம் நாடுகிறார்கள் என்று அரசியல் அறிஞர்களான ஜோசப் யூசின்ஸ்கியும் ஜோசப் பேரன்ட்டும் 2014இல் எழுதியதும் இதற்கு இசைவானதே. பிறர் அறியாததைத் தாம் அறிந்திருக்கிறோம் என்ற பெருமிதமும் (இது எல்லா நிலையினருக்கும் பொதுவானது) கூடவே சேர்ந்துகொள்கிறது.