வடக்குத்தெரு வகையறா (வாட்ஸ்அப் குழு)

துபாய் கார்த்தி: மாமா இருக்கீங்களா? பான்ஷீ படுத்துருச்சு. இடது பக்கம் பிஸ்டன் சீஸ், சிலிண்டருக்குள்ள இறுகிடுச்சு
துபாய் கார்த்தி: 📷 📷 📷

செல்வி அக்கா: அது யாருடா பான்ஷீ

துபாய் கார்த்தி: வண்டிக்கா. யமஹா. நாலு சக்கரம், மணல்ல ஓட்டுறது. ரெண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக்

மன்னார்குடி மாமா: 347 சிசி. போர் (சிலிண்டர் உள்விட்டம்) 64 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடுற தூரம்) 54. நம்ம ராஜ்தூத் 350-யும் இதே அளவுதான் மாப்ள. ஆனா அது காத்துல ஆறுறது, இது தண்ணி கூலிங். அந்தப் பிஸ்டன் இதுக்கு ஆகுமான்னு கேட்டுறாத

துபாய் கார்த்தி: 😀 கேக்கல மாமா. கடையில மூணு காட்டுறான். வைஸ்கோ கம்பெனி ஃபோர்ஜ்டு (அடிச்சு உருவாக்கினது), ப்ரோஎக்ஸ் கம்பெனி வார்ப்பு (உருக்கி ஊத்தினது), அப்புறம் பேர் இல்லாத செட்டு ஒண்ணு பாதி விலைக்கு. இன்ஜின்ல போர்ட்டிங் பண்ணி (சிலிண்டர்ல இருக்குற போர்ட்டு, அதான் துவாரங்களை, மாத்தி வெட்டி), பைப்பும் ஹெட்டும் மாத்தியிருக்கு. ஃபோர்ஜ்டுதானே ஸ்ட்ராங்கு? அதையே வாங்கிடவா?

மன்னார்குடி மாமா: பேர் இல்லாததைத் தூக்கி ஓரமா வை. மொதல்ல இதைச் சொல்லு, கிராங்க் (ராடு வழியா பிஸ்டன் சுத்துற தண்டு) மாத்தியிருக்கா?

துபாய் கார்த்தி: தெரியல மாமா. செகண்ட்ஸ்ல வாங்கினது

மன்னார்குடி மாமா: அது தெரியாம அஞ்சு காசு எடுக்காத. ஸ்ட்ரோக் கூட்டின கிராங்க், லாங் ராடுன்னு எது இருந்தாலும் பிஸ்டனையும் ராடையும் சேக்குற கஜன் பின் உக்கார்ற உயரம் வேற. தப்பாப் போட்டா பிஸ்டன் ஹெட்ல முட்டும், இல்லன்னா போர்ட்டு திறக்குற கணக்கே மாறிடும். நல்லா இருக்குற வலது பக்கத்துல பிஸ்டன் மேலேருந்து கீழ வரைக்கும் எவ்வளவு ஓடுதுன்னு அள. 54 வந்தா கம்பெனி ஸ்ட்ரோக். 58 வந்தா எவனோ கை வச்சிருக்கான். ராடு நீளத்தையும் பாத்துரு

சித்தப்பா: இன்னிக்கு த்ரீ ஃபேஸ் எத்தனை மணிக்கு விடுவான்? நாத்தங்கால் காயுது

செல்வி அக்கா: ராத்திரி பத்துக்குன்னு சொன்னாங்க சித்தப்பா

துபாய் கார்த்தி: 54 மாமா. ராடு பழைய நீளம்தான்னு இங்க மெக்கானிக் சொல்றார்

மன்னார்குடி மாமா: நல்லது. மூணாவது போட்டோவைப் பெருசு பண்ணிப் பாரு. பிஸ்டன்ல உரசின கோடு நாலு மூலையிலயும் விழுந்திருக்கு. சைலன்சர் பக்கம் மட்டும் உரசியிருந்தா, பெட்ரோல் பத்தாம சூடேறிச்சுன்னு சொல்லுவேன். நாலு மூலைன்னா பிஸ்டன் பெருத்து போர்ல இறுகியிருக்கு. இது ஏற்கனவே ஃபோர்ஜ்டு தானே?

துபாய் கார்த்தி: ஆமா மாமா 😳 எப்படி?

மன்னார்குடி மாமா: உன் வீடியோதான் தினம் ஸ்டேட்டஸ்ல வருதே. கிக் அடிச்ச கையோட முறுக்குற. ஃபோர்ஜ்டு ஐப்பசி மழையில ஊதுற மரக்கதவு மாதிரி, சூட்டுக்கு வார்ப்பை விட அதிகமாப் பெருக்கும். அதுக்குத்தான் கிளியரன்ஸ் (பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவுல இடைவெளி) கூட விடுறது. சிலிண்டர் சூடாகுறதுக்குள்ள பிஸ்டன் பெருத்தா பிடிக்கும். வார்ப்புல சிலிக்கான் அதிகம், அவ்வளவு பெருக்காது, டைட்டா விடலாம், சத்தமும் கம்மி. ஆனா அடி வாங்கினா ஸ்கர்ட் (பிஸ்டனோட கீழ்ப்பக்கம்) உடைஞ்சு துண்டா கிராங்க் கேஸ்ல விழும்

துபாய் கார்த்தி: அப்ப வார்ப்பே போடவா?

மன்னார்குடி மாமா: எங்க ஓட்டுற?

துபாய் கார்த்தி: பிக் ரெட்ல மாமா. ஹத்தா ரோட்டுல இருக்குற மணல்மேடு. ஏறும்போது ஃபுல் த்ராட்டில்தான்

மன்னார்குடி மாமா: அந்த லோடுக்கும் அந்தப் போர்ட்டிங்குக்கும் ஃபோர்ஜ்டுதான். ஆனா ரேடியேட்டர் கைக்குச் சுடுற வரைக்கும் ஐடிலிங்ல விடணும். முடியாதுன்னா வார்ப்பு போட்டு அடிக்கடி மாத்திக்க

அத்தை: தட்டுல சாப்பாடு ஆறுது. இவர் இங்க துபாய் வண்டியை ரிப்பேர் பண்றார்

மன்னார்குடி மாமா: வரேன் வரேன்
மன்னார்குடி மாமா: 🎤 2:41

சித்தப்பா: குரல் பதிவு கேக்கல, இங்க டவர் இல்ல. எழுதுங்க மச்சான்

துபாய் கார்த்தி: நான் எழுதுறேன் சித்தப்பா. பிஸ்டனைக் கையில வாங்கிட்டுத்தான் போர் பண்ணக் குடுக்கணும். ஸ்கர்ட்டை அளந்து, டப்பாவுல வர்ற தாள்ல போட்டிருக்குற கிளியரன்ஸ் விட்டு லேத்காரர் வெட்டணும். ஒரு பக்கம்தான் போச்சுன்னாலும் ரெண்டையும் ஒரே ஓவர்சைஸ்ல (கம்பெனி அளவை விடப் பெரிய சைஸ்) போடணும். வெட்டினப்புறம் போர்ட்டு ஓரத்தையெல்லாம் மழுக்கணும், இல்லன்னா ரிங் மாட்டும்

மன்னார்குடி மாமா: ரிங் கேப்பை (ரிங்கோட ரெண்டு முனைக்கும் நடுவுல இடைவெளி) விட்டுட்ட. போருக்குள்ள ரிங்கை மட்டும் விட்டு ஃபீலர் கேஜ் வை. 64-க்கு 0.25லேருந்து 0.30 மிமீ. தாள்ல வேற போட்டிருந்தா தாள்தான். பிஸ்டன் மேல அம்புக்குறி சைலன்சர் பக்கம் பாக்கணும்

செல்வி அக்கா: எல்லாம் சேத்து எவ்வளவுடா ஆகும்

துபாய் கார்த்தி: தனியா சொல்றேன்க்கா

செல்வி அக்கா: 🙄 அம்மா கேட்டா நான் எதையும் படிக்கல

மன்னார்குடி மாமா: மாப்ள, பூட்டினப்புறம் எல்லா வாயையும் அடைச்சு ஆறு பவுண்டு காத்து அடி. ஆறு நிமிஷம் நிக்கணும். இறங்கினா கிராங்க் சீலோ கார்ப்ரேட்டர் ரப்பரோ லீக். அந்தச் சந்துல காத்து வாங்கினா எந்தப் பிஸ்டன் போட்டும் பிரயோஜனம் இல்ல. ஏர் ஃபில்டரையும் ஆயில் போட்டு வை, அங்க மணலாச்சே

சித்தப்பா: மச்சான், நம்ம பவர் டில்லரும் புகை தள்ளுது. அதுக்கும் ரிங்தானா?

மன்னார்குடி மாமா: அது டீசல். நாளைக்குக் காலையில நேர்ல வந்து பாக்குறேன். டீ மட்டும் போட்டு வைங்க

துபாய் கார்த்தி: மாமா, சனிக்கிழமை போர் அளவு எடுத்து அனுப்புறேன். ஃபோர்ஜ்டே எடுத்துக்குறேன்

மன்னார்குடி மாமா: அனுப்பு. சர்க்ளிப் (கஜன் பின்னை நகராமப் பிடிக்கிற கம்பி வளையம்) புதுசு போடு, பழசைத் திருப்பி மாட்டாத. ரெண்டு செட்டா வாங்கிக்க, ஒண்ணு எப்படியும் தெறிச்சு ஓடும்