நடமாடும் நகரமா, ஊர்நகரா?

வணக்கம் ஐயா,

அறிவியல் புனைகதையில வர்ற, எடம் விட்டு எடம் போற நகரத்துக்கு உங்க கலைச்சொல் பட்டியல்ல நீங்க போட்ட 'நடமாடும் நகரம்' கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா இங்க மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல நடமாடும்னாலே கிளினிக் வேன்தான் ஞாபகத்துக்கு வரும். கதையில வர்றது அது இல்லையே. 1964ல ஆர்க்கிகிராம்ங்கற பிரிட்டிஷ் கட்டடக்கலைக் குழுவோட ரோன் ஹெரோன் வரைஞ்சத பாருங்க, நீண்டு சுருங்குற காலுங்க மேல பெரிய பெரிய கட்டடம், ஆளுங்க உள்ள குடியிருக்கும்போதே மொத்தமும் கெளம்பிடும். இதுக்கு 'ஊர்நகர்'னு வைக்கலாம். இங்க ஊர்னா கிராமம் இல்ல, ஊர்ந்து போறது; ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, ஊர்தி ஏற்கெனவே புழக்கத்துல இருக்கு, காலு, சக்கரம், தண்டவாளம் எதுல போனாலும் பொருந்தும். 'நடைநகர்'னா காலு இருந்தே ஆகணும்.

ஆனா ஒரு சொல்லு பத்தாது ஐயா. நெசத்துல நடக்கறது வேற. சுவீடன்ல கிருனான்னு ஒரு ஊரு, இரும்புச் சுரங்கம் தோண்டத் தோண்ட மேல தரை உள்வாங்குது, அதனால ஊரோட நடுப்பகுதியையே கிழக்க கொண்டு போறாங்க. 1912ல கட்டின மர சர்ச்ச 2025 ஆகஸ்ட்ல பிரிக்காம அப்படியே தூக்கி ட்ரெய்லர்ல வச்சு, 672 டன்னு, ரெண்டு நாளா 5 கிலோமீட்டர் நகத்துனாங்க, அதுக்காகவே ரோட்ட முன்கூட்டி அகலப்படுத்தி வச்சிருந்தாங்க. இது தானா ஊரல, பெயர்த்து வைக்கிறாங்க. அதனால 'பெயர்ப்புநகர்'. 'பெயர்நகர்'னு சுருக்க வேணாம், நேம்னு படிச்சிடுவாங்க.

நம்ம நாட்டு மலாய் கம்பத்துல, அதாவது மலாய்க் கிராமத்துல பாத்திருப்பீங்க, வீட்டுத் தூணு மண்ணுல புதைஞ்சிருக்காது, கல்லு மேல சும்மா உக்காந்திருக்கும், அடியில மூங்கில் கட்டி ஊரே சேந்து தோள்ல தூக்கிட்டுப் போயிடும். நாளைக்கு வெள்ளத்துக்கும் கடல் ஏத்தத்துக்கும் பயந்து ஊர மாத்தற நெலம வந்தா ஆர்க்கிடெக்ட்டுங்க மொதல்ல யோசிக்க வேண்டியது இந்த இடந்தான், தரைக்கும் கட்டடத்துக்கும் நடுவுல உள்ள மூட்டு, கழட்டி மாட்டற மாதிரி இருக்கணும்.

விளக்கத்துல இன்னொன்னும் சேருங்க. தோட்டத்த டெவலப்பர் வாங்குனதும் லயத்துச் சனங்கள, அதாவது வரிசை வீடுங்கள்ல இருந்த தோட்டத் தொழிலாளிங்கள, ஃபிளாட்டுக்கு அனுப்புனாங்க, கோயிலு, தமிழ்ப்பள்ளி, திடலு எல்லாம் அங்கயே நின்னுபோச்சு, அந்த லயத்துல பொறந்தவன் நானு. அத பெயர்ப்புநகர்னு யாரும் எழுதிடக் கூடாது. ஆளோட சேந்து அவங்க பொது இடங்களும் வந்தாத்தான் அந்தச் சொல்லு, இல்லன்னா அது வெறும் குடிபெயர்த்தல். பட்டியல்ல ஊர்நகர், பெயர்ப்புநகர் ரெண்டையும் தனித்தனிப் பதிவா போட்டு இந்த நிபந்தனையையும் எழுதிடுங்க ஐயா.