ராவெலின் 'டாஃப்னிஸ் எ க்ளோயே': எந்தப் பதிவை வாங்கலாம்?

பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் இந்த பாலே இசையை முழுசாகக் கேட்க ஒரு நல்ல பதிவு தேடுகிறேன். என்னிடம் இருப்பது இரண்டாம் சூட் (பாலேயிலிருந்து எடுத்த பகுதிகளின் தொகுப்பு) மட்டும், அதிலும் கோரஸ் இல்லை. சொற்களே இல்லாமல் வெறும் குரலாக எழும் அந்தக் கோரஸ் இல்லாமல் விடியல் காட்சி எனக்கு உப்பில்லாத சோறு மாதிரிதான்.

1912இல் பாரிஸ் அரங்கேற்றத்தில் இசைக்குழுவை நடத்திய பியேர் மோந்தேவே 1959இல் லண்டன் சிம்ஃபனி இசைக்குழுவுடன் பதிவு செய்திருக்கிறார். சார்ல்ஸ் மூன்ஷ் பாஸ்டன் சிம்ஃபனியுடன் செய்த 1955 பதிவும் உண்டு. இரண்டையும் கேட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? விடியலின் மெல்லிய ஒலி ஹெட்ஃபோனில் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டினால், கடைசி நடனத்தில் காது கிழிகிறது. அந்த விஷயத்தில் எது தேவலை?

சிடியாக இருந்தால் நல்லது. பழைய ரெக்கார்டு வாங்கி, அது கீறலோடு வந்து சேர்ந்ததில் ஏற்கெனவே சூடு பட்டாயிற்று.