கலைச்சொல்: ‘மீள்வருகைக் காலம்’ பொருந்துமா?

> ‘return period’ என்பதற்கு, ‘100 ஆண்டு மீள்வருகைக் காலம் உடைய மழை’ என்று சொற்பட்டியலில் இட்டிருக்கிறேன். ஏற்கலாமா?

ஐயா, சொல் காதுக்கு இனிமைதான். ஆனால் தப்புப் பாடம் நடத்துகிறது. ‘காலம்’ என்றதும் பள்ளியில் படித்த ஊசலின் அலைவு காலம் நினைவுக்கு வரும். மழைக்கு அப்படி முறைவைப்பு ஏது? 2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. ‘இனி நூறு வருஷம் நிம்மதி’ என்று யாரும் இருந்துவிட முடியாது.

100 ஆண்டு மழை என்றால், எந்த ஓர் ஆண்டிலும் அந்த அளவை விஞ்சும் நிகழ்தகவு 1%. வேளச்சேரியில் 20 ஆண்டு வீட்டுக்கடன் அடைவதற்குள் ஒருமுறையாவது விஞ்ச 1 − 0.99²⁰, அதாவது 18%. நூறு ஆண்டுக்கு 63%தான், 100% அல்ல.

ஆகவே ‘ஆண்டு விஞ்சல் நிகழ்தகவு’ (annual exceedance probability) என்பதையே தலைச்சொல்லாக வைப்போம். விஞ்சலுக்குப் பதில் ‘மீறல்’ என்றால் போலீஸ் வாடை அடிக்கிறது. ‘மிகை’யை வேறிடத்துக்கு ஒதுக்கியாக வேண்டும்: வரம்பு 10 செ.மீ., பெய்தது 14 என்றால் மிகை 4.

> அதற்குரிய மழையளவுக்கு ‘மீள்வரு மட்டம்’?

சென்னையில் மட்டம் என்றால் செம்பரம்பாக்கம் ஏரியின் 24 அடிதான். ‘1% விஞ்சளவு’ என்போம்.

*

அம்மா, விஞ்சலும் விஞ்சளவும் சரி. ஆனால் மழைநீர் வடிகால் வடிவமைப்பாளர்கள் ஆண்டுக் கணக்கில்தானே பேசுகிறார்கள்? அவர்களுக்காக ‘சராசரி மீள்வு இடைவெளி’ துணைச்சொல்லாக இருக்கட்டும். ‘சராசரி’யை மட்டும் யாரும் வெட்டக் கூடாது. ‘ஆண்டு’ எது என்பதையும் விளக்கத்தில் எழுதுங்கள். ஜனவரி–டிசம்பர் என்று எடுத்தால், புத்தாண்டை ஒட்டிப் பெய்யும் ஒரே மழை இரண்டு ஆண்டுகளின் உச்சமாகப் பதிவாகிவிடலாம்.

*

ஜூன்–மே என்று குறிக்கிறேன், ஐயா. இன்னொரு கண்ணி, தினமும் காலை 8.30க்கு எடுக்கும் மழை அளவீடு. அந்நேரத்தைத் தாண்டிப் பெய்தால் மழை இரு நாளாகப் பிரிந்து, உண்மையான 24 மணி உச்சம் குறைந்து தெரியும். அதை ஈடுகட்ட, ஒருநாள் உச்சத்தை வழக்கமாக 1.13ஆல் பெருக்குவார்கள். அதனால் ‘ஒருநாள் உச்சம்’, ‘24 மணி உச்சம்’ இரண்டும் தனித்தனிப் பதிவுகள்.

‘சராசரி மீள்வு இடைவெளி’ என்ற துணைச்சொல்லில் எனக்கொரு தயக்கம் உண்டு. தட்பவெப்பம் மாறும்போது இந்த நிகழ்தகவு ஆண்டுக்காண்டு நகரும். இவ்வாண்டு 1%, பின்னர் 1.5% ஆகலாம். அப்போது ஒற்றைச் ‘சராசரி இடைவெளி’க்குப் பொருளே இல்லை. ‘நிகழ்தகவு மாறாதபோது மட்டும்’ என்ற குறிப்போடு சேர்க்கிறேன்.