ஒரே புளிச்சக்கீரைச் செடியில் வேறு வேறு இலை, எதை வரைவது?

மோல்மீன் தோட்டக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் நாலு புளிச்சக்கீரைச் செடி நிற்கிறது, இங்கே பஜாரில் பர்மியப் பேரில் சின்பவுங் என்று கட்டுக்கட்டாக விற்பார்களே, அதுதான். மழைக்காலம் முழுக்கப் பறித்து ஆக்கியாயிற்று. ஐப்பசியில் மொட்டு வந்ததும் ஒரு செடியைத் தொடாமல் விட்டு நோட்டில் வரைந்துகொண்டிருக்கிறேன். நாற்றாக இருந்தபோது இலை பிளவே இல்லாமல் முழுசாக இருந்தது, இப்போது கீழே மூன்று விரல், ஐந்து விரல் என்று பிரிந்திருக்கிறது, உச்சியில் பார்த்தால் மறுபடி ஒல்லியான ஒற்றை இலை. எதைப் போட்டால் சரி? அப்புறம், பூவுக்கு வர்ணம் கலக்குவதற்குள் அது வாடி ரோஸ் நிறமாகிவிடுகிறது.

ரங்கூன் பென்சில்:
அக்கா, மூன்றுமே சரிதான். அந்தச் செடியின் குணமே அது, வயதுக்கும் இடத்துக்கும் தக்கபடி இலை மாறும். ஒரே தாளில் கீழ் இலை, நடு இலை, உச்சி இலை என்று மூன்றையும் தனித்தனியாகப் போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். காம்பு சேரும் இடத்திலிருந்து விரியும் நரம்புகளை முதலில் இழுத்துவிட்டு, விளிம்பின் பல்லைக் கடைசியில் வையுங்கள். ஒரு இலையைத் திருப்பியும் பாருங்கள், நடு நரம்பில் காம்புக்குக் கிட்டே சின்னதாக ஒரு தேன்சுரப்பி இருக்கும், எறும்பு வந்து நிற்பது அதற்காகத்தான். அதை வரையாமல் விட்டால் எனக்கு மனசே ஆறாது.

பூ ஒரு நாள்தான், நாம் அவசரப்பட்டு ஒன்றும் ஆகாது. ஆனால் அடுத்த நாள் வேறொன்று பூக்கும், அதனால் இன்றைக்கு உருவம், நாளைக்கு நடுவில் இருக்கும் கருஞ்சிவப்பு, மறுநாள் மஞ்சள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இதழ் ஐந்தும் ஒன்றின் ஓரத்தை அடுத்தது மூடினாற்போல் ஒரே பக்கமாகச் சுற்றியிருக்கும், அந்தத் திசை மாறினால் படமே தப்பாகத் தெரியும்.

பகோ பாட்டி:
அளவுக்கு ஸ்கேல் தேட வேண்டாம் மகளே, துடைப்பத்து ஈர்க்குச்சி ஒன்றை ஒடித்து இதழ் மேல் பிடித்து நகத்தால் குறி வைத்துக்கொள், கை நடுங்கும் எனக்கே அது போதுமாக இருக்கிறது. வாடிய பூவைத் தூக்கிப் போடாதே. அதற்கு அடியில் இருக்கும் சிவப்புப் புல்லி அன்றைக்கே தடிக்க ஆரம்பித்துவிடும், தினம் ஒரு படம் போடு. நாம் துவையல் அரைக்கிறோமே, அந்தப் புளிப்புக்காய் அந்தப் புல்லிதான், நிஜக்காய் உள்ளே இருக்கிறது.

மோல்மீன் தோட்டக்காரி:
தம்பி, பாட்டி, இரண்டு பேருக்கும் நன்றி. இன்று காலை இலையைத் திருப்பிப் பார்த்தேன், சுரப்பி இருந்தது, அதன்மேல் இரண்டு எறும்பும் இருந்தன. புல்லிக்கு அடியில் வளையமாக நிற்கும் ஒல்லிச் சிற்றிலைகளை எண்ணினால் ஒரு பூவில் ஒன்பது, பக்கத்துப் பூவில் பத்து. இத்தனை நாள் எல்லாப் படத்திலும் ஐந்துதான் போட்டு வைத்திருக்கிறேன், நாளைக்கு முதல் தாளிலிருந்து திருத்த வேண்டும்.